சிவப்புப் பென்சில்

எனக்கு முன்கோபம் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் அச்சாபீஸ் குப்பண்ணன் என்று யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரைக் கொடுக்க மறந்துவிட்டு, பாதி அச்சு ஓடின பிறகு வந்து "சேர்த்துப் போட்டுருங்க" என்று இளித்தவர்களைக் கடைப்படியிலிருந்தே இறக்கிவிட்டிருக்கிறேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று என் வீட்டுக்காரி ஜானகியம்மாள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். எழுபத்தாறாம் வருஷம் தை மாதம் கூவைமேட்டுக்குப் போய் வருகிற வரைக்கும்.

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் போக, மாதம் ஒரு சிறு பத்திரிகையும் நான் போட்டுக்கொண்டிருந்தேன். முந்நூறு பிரதி. அதற்கு ஒரு நாவல் அனுப்பியவர்தான் கருத்தப்பாண்டி. பீர்மேட்டுக்கும் மேலே, கூவைமேடு என்கிற காப்பி ஊரில் தோட்டத் தொழிலாளி. காப்பிச் செடிகளுக்கு நிழல் தருகிற உயர மரங்களில் ஏறி, மழைக்கு முன்னால் கிளை கழிப்பது அவர் வேலை. பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி அனுப்பியிருந்தார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அச்சுக் கோக்கிறவன் தாளைப் புரட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்பவும்" என்று ஒரு கார்டு போட்டு நோட்டைத் திருப்பினேன்.

மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை. ஏழு மாதம் கழித்து முழுத் தாளில், ஒரு பக்கம் மட்டும், முந்நூற்றுப் பன்னிரண்டு தாள் வந்து சேர்ந்தது. பழைய நோட்டை அடுப்பில் போட்டுவிட்டதாகவும், இனி இதுதான் எல்லாம் என்றும் கடிதத்தில் இருந்தது. முதல் அத்தியாயத்தைப் பத்திரிகையில் போட்டேன். மிச்சத்தைத் திருத்துவதற்குச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். அந்த மாதம் கம்பாசிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் தாளில் காட்டினேன். சுழித்தேன், அடித்தேன், ஓரமெல்லாம் எழுதினேன். ஒரு வாரத்தில் முடித்து, "திருத்தி அனுப்பவும்" என்று சித்திரைக் கடைசியில் ரிஜிஸ்தர் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பதில் வரவில்லை. ரோஷக்காரன், எத்தனை நாளைக்கு முறுக்கிக்கொண்டு இருப்பான், பார்ப்போம் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். கார்த்திகையில் அவருக்கு அனுப்பிய பத்திரிகை திரும்பி வந்தது. மேலுறையில் தபால்காரர் மலையாளத்தில், ஆள் இறந்துபோனார் என்று கிறுக்கியிருந்தார். மார்கழியில் கோயமுத்தூர்ப் பதிப்பாளர் ஒருவர் எழுதினார். முதல் அத்தியாயத்தைப் படித்தாராம், அப்படி ஓர் எழுத்தை இந்தப் பத்து வருஷத்தில் பார்த்ததில்லையாம், முழுசும் அனுப்பினால் புத்தகமாகப் போடுகிறேன் என்று. அந்த அத்தியாயத்தை எடுத்து நானும் மறுபடி படித்தேன். அவர் சொன்னது உண்மைதான். இருப்பது ஒரே பிரதி, அது செத்துப்போனவர் வீட்டில் இருக்கிறது. எடுக்கப் போகவேண்டியவன் நான்தானே.

பொள்ளாச்சி, பழநி, வத்தலக்குண்டு, கம்பம் என்று பஸ் மாறி மாறி, கம்பத்தில் தங்கி, மறுநாள் குமுளி ஏறி, பீர்மேட்டிலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினபோது மணி பதினொன்று. சனிக்கிழமை. கடைசி ஜீப் நாலு மணிக்கு என்று டிரைவர் சொன்னான்.

கூவைமேடு ஒரே தெரு. களத்தில் காப்பிப் பழம் காய்கிற புளித்த வாசனை ஊரெல்லாம் நின்றது. தெருமுனையில் பெரிய பலகை. ஒரு மலையாள நாவலாசிரியர் கடைசி ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்து எழுதினாராம். அதைப் பார்க்க ஜனங்கள் பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர் காப்பி குடித்த கடை, அவர் உட்கார்ந்த பாறை, எல்லாவற்றுக்கும் ஒரு பலகை. வேட்டி கட்டிய வெளியூர்க்காரன் பையோடு நிற்கிறதைப் பார்த்ததும் வாசகசாலைக் காரியதரிசி என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். பெயர் ஏசுரத்தினம். நாகர்கோவில் பக்கத்துப் பூர்விகம், பிறந்தது வளர்ந்தது அங்கே.

"வாங்க ஸாரே, மொதல்ல பங்களா பாத்துருவோம்" என்று பிடித்துக்கொண்டு போனார். அந்த நாவலாசிரியர் உட்கார்ந்து எழுதின நாற்காலி ஒன்று. அதைச் சுற்றிக் கயிறு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேனா, ஒரு கம்பளிச் சால்வை, ஒரு மூக்குக்கண்ணாடி. கயிற்றைத் தாண்டி நான் கையை வைத்துவிடுவேனோ என்று ஏசுரத்தினம் என் முழங்கைப் பக்கமே நின்றார்.

"ஏனுங்க, நான் இதைப் பாக்க வரலீங்க. கருத்தப்பாண்டி ஊடு எங்கீங்க?" என்றேன்.

"நம்ம பாண்டியா? போன மே மாசம் மரத்துல இருந்து விழுந்து மரிச்சானே, அவனா?"

"அவருதானுங்க. பெரிய எழுத்தாளருங்க அவரு."

ஏசுரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வாயனசாலைக்கு வருவான். ரெண்டு புறமும் வெள்ளையா உள்ள காயிதம் உண்டான்னு கேப்பான். எதுக்குடேன்னா சிரிப்பான். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் ஸாரே. படிச்சது பூரா மலையாளம். அவன் என்ன எழுதினான்னு எனக்கெப்படித் தெரியும்?"

அவரைக் குறைசொல்லி என்ன. தமிழ் படிக்கத் தெரிந்த எனக்கே தெரியவில்லையே.

தொழிலாளர் லயம் பள்ளத்தில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு வரிசையாக. முதல் வீட்டு வாசலில் சுண்ணாம்புக் கல்லும் இரண்டு பீப்பாயும் இறக்கி வைத்திருந்தார்கள். ஏழாவது கதவுதான் கருத்தப்பாண்டியுடையது. உள்ளே அவர் மனைவி சுருளியம்மாள் பாத்திரத்தைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நான் யார் என்று ஏசுரத்தினம் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொழிஞ்சாம்பாறை ஐயாவா? நீங்கதானாய்யா? உங்களைச் சாமிக்கு அடுத்தாப்புல சொல்லுவாக" என்றவள், கவிழ்த்து வைத்திருந்த ஒரே பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னாள். திங்கட்கிழமை வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம். தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லாத வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கே சுண்ணாம்பு அடிக்க ஆள் வரும். நாலு வயசுப் பெண்பிள்ளையைக் கம்பத்தில் அண்ணன் வீட்டுக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டாள். பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் அதை வாயில்கூட வைக்கவில்லை.

"அம்மா, அவரு எழுதின தாளுக் கட்டு ஒண்ணு, நான் ரிஜிஸ்தர்ல அனுப்புனது, பத்திரமா இருக்குதுங்களா?"

"ஒரு தாள் வீணாப் போகலைங்கய்யா."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஊரில் பஸ் ஏறினதிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த பாரம் அப்படியே இறங்கிற்று. பொட்டலம் கட்டக் கொண்டுபோயிருந்த எண்ணெய்த் துணியைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன்.

"எங்கீங்கம்மா இருக்குது?"

"உங்களைச் சுத்தித்தாங்கய்யா இருக்கு" என்று சுவரைக் காட்டினாள்.

சுவர் நாலு பக்கமும் தாள். தரையிலிருந்து தலைக்கு மேலே வரைக்கும், விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தாள். புகை ஏறி மஞ்சளாகியிருந்தது. ஆனால் ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லாம் வெற்றுத் தாள். நான் எழுந்து போய்க் கையால் தடவினேன். அங்கங்கே ஈரம் இறங்கின இடத்தில் மட்டும் உள்ளேயிருந்து நீலம் கசிந்து தெரிந்தது.

"ஆடிச் சாரல்ல செவத்து வெடிப்பு வழியாக் காத்து ஊசியாக் குத்தும்யா. பிள்ளைக்கு இழுப்பு. மூச்சு விடமாட்டாம ராவெல்லாம் உக்காந்தே இருக்கும். இங்கன எல்லாரும் பேப்பர்தான் ஒட்டுவாக. எங்கிட்ட இது ஒண்ணுதான் இருந்துச்சு. அவுக எழுதினதாச்சே, எழுத்து சரசுவதியில்ல? அதுல பிள்ளை கால் படலாமா, நாம முதுகைச் சாய்க்கலாமா? அதான் எழுத்தை உள்ளாற பாத்து வச்சு ஒட்டிப்புட்டேன். கரியும் படாது பாருங்க. மறுபக்கம் சும்மா வெள்ளையாத்தானே இருந்துச்சு, தோதாப் போச்சு."

மறுபக்கம் ஏன் வெள்ளையாக இருந்தது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன பசைங்கம்மா?" என்று கேட்டேன்.

"மைதாய்யா. பூச்சி வரக்கூடாதுன்னு மருந்து ஸ்டோர்ல மயில்துத்தம் கேட்டு வாங்கிக் கலந்தேன். இன்னும் இருவது வருசத்துக்கு விடாது" என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது.

அவள் சொன்னது சரி. என் ஆபீஸில் பைண்டிங்குக்கு அதே பசைதான். மைதாவும் மயில்துத்தமும். விடாது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தும் பேனாக்கத்தியை எடுத்து ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தேன். தாள் பஞ்சாகப் பிய்ந்து வந்தது. எழுத்து இருந்த அடித்தோல் சுவரிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவது தாளைத் தொடாமல் கத்தியை மடக்கிவிட்டேன்.

ஏசுரத்தினத்தை இழுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு மாதம் சுண்ணாம்பு அடிக்காமல் விடுங்கள், கோயமுத்தூரிலிருந்து விவரம் தெரிந்த ஆளைக் கூட்டி வருகிறேன் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன் என்று சொன்னால் கொழிஞ்சாம்பாறையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர்தான், நாற்காலி கொடுத்து உட்காரவைத்துத்தான் பேசினார். "செவரு தோட்டத்துக்குச் சொந்தம். ஒட்டின காயிதம் ஆளுக்குச் சொந்தம். கொண்டுபோகத் தடையில்லை, தாராளமாக் கொண்டுபோங்க. திங்கட்கிழமை புது ஆள் குடியேறணும். அவங்க பனியிலயா நிப்பாங்க?" என்றார். வெளியே வந்து ஏசுரத்தினத்திடம், வாசகசாலை சார்பில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள் என்றேன். "கமிட்டி கூடணும் ஸாரே. கமிட்டி சித்திரையில கூடும்" என்றார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று சுருளியம்மாளுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். கதவோரம் நின்றுகொண்டு, "தப்புப் பண்ணிப்புட்டேனாய்யா?" என்று கேட்டாள்.

பிள்ளைக்கு மூச்சு முட்டினபோது அவள் செய்ததில் என்ன தப்பு. எனக்கு மூச்சு முட்டாமலேயே நான் செய்ததைத்தான் தப்பு என்று சொல்ல வேண்டும்.

"ஐயா, அவுக எழுதினதுல நானும் வாரேன்னு சொல்லுவாக" என்றாள். "எந்த எடம்னு கேட்டாச் சொல்லமாட்டாக. அச்சுல வரட்டும், யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேளும்பாக. முடியாம யாருகிட்டயும் காட்டக்கூடாதுன்னு ஒரு பிடிவாதம். நீங்க ஒருத்தர்தான்யா முழுசும் படிச்சவுக. நான் அதுல என்ன செய்யிறேன்?"

உண்மைதான். உலகத்திலேயே அந்த நாவலை முழுசாகப் படித்தவன் நான் ஒருத்தன்தான். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேனே, முந்நூற்றுப் பன்னிரண்டு தாள் படித்தேனே. எழுபதாவது தாளில் ஒரே வாக்கியம் பத்து வரி ஓடினது ஞாபகம் வந்தது. ஓர் ஆளின் பெயர் நடுவில் மாறிப்போனது ஞாபகம் வந்தது. ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் ஆறு தடவை போட்டிருந்தது ஞாபகம் வந்தது. கதை வரவில்லை. அவர் செய்த பிழை ஒவ்வொன்றும் என் தலைக்குள் இருக்கிறது, அவர் எழுதினது ஒன்றும் இல்லை. படித்தவன் என்று என்னை நம்பி ஒருத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த மாதிரி வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"தண்ணி கொண்டாங்கம்மா" என்றேன். "ஒரு தாளையாச்சும் ஈரம் பண்ணி எடுத்துப் பாத்தர்லாம்."

"கரைஞ்சுராதாய்யா? மசி வில்லை வாங்கித் தண்ணியில கரைச்சுத்தான் எழுதுவாக."

கரையும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் துணியை நனைத்து, கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சம் படுகிற இடத்தில் ஒரு தாளின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கால் மணி நேரம். ஓரம் இளகிற்று. மேலிருந்து கீழாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உரித்தேன். தாள் கிழியாமல் முழுசாக வந்தது.

எழுத்து சுவரில் பதிந்திருந்தது. இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி. மற்றவர்களுக்கு அது கிறுக்கல். நான் முப்பது வருஷமாக ஈய எழுத்தை அப்படித் திருப்பியே பார்த்துக் கோக்கிறவன், என்னால் அதைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. 'மழை விட்ட பிறகும் அவள் கூடையை இறக்காமல்' என்று வாய்விட்டுப் படித்தேன். சுருளியம்மாள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். அதற்குள் நீலம் சுண்ணாம்பில் இறங்கி, வரி வரியாக வழிந்து, ஒரே திட்டாகிவிட்டது. அடுத்த சொல்லை எட்டிப் பிடிக்கிறவன் மாதிரி நான் சுவரில் கையை வைத்தேன். கை நீலமானதுதான் மிச்சம்.

"நான்தான்யா அது" என்றாள். "கூடையை எறக்காம நிப்பேன். நிறுவைக்கு மொத ஆளா நிக்கணும்னு. அதை வச்சுக் கேலி பண்ணுவாக."

பிறகு அவள் பார்வை என் கையிலிருந்த தாளுக்குப் போயிற்று. நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். நீலம் முழுக்கக் கரைந்து, வெளுத்த வானம் மாதிரி இருந்தது. அதன் நடுவே, தண்ணீர் பட்டும் ஒரு கோடு கலையாமல், மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு பெருக்கல் குறி. ஓரத்தில் என் கையெழுத்து. சிவப்புப் பென்சில் மெழுகு, அது கரையாது.

'இந்தப் பொம்பளை கதைக்கு எதற்கு? முழுக்க வெட்டவும்.'

சுருளியம்மாள் இரண்டு கையாலும் தாளை வாங்கினாள். "இது மட்டும் அழியலை பாருங்களேன்" என்றாள். "ஒட்டுறப்ப அங்கங்க செவப்பாத் தெரிஞ்சுச்சு, ஆனா அவுக செவப்புல எழுதி நான் பாத்ததே இல்லை. எப்ப எழுதினாக? என்னன்னு எழுதியிருக்காகய்யா?"

ஏசுரத்தினம் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நனைஞ்சுபோச்சுங்கம்மா, சரியாத் தெரியலீங்க."

"நல்லாத் தெரியுதேய்யா. எனக்கே தெரியுதே."

சொல்லியிருக்கலாம். அம்மா, இது நான் எழுதினது, உங்களை வெட்டச் சொன்னவன் நான்தான் என்று சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். கல்யாண வீட்டுக்காரர்களை விரட்டுவதற்குத் திறக்கிற வாய், அதற்குத் திறக்கவில்லை.

"'என் சுருளி இல்லாமல் இந்தக் கதை இல்லை'ன்னு எழுதியிருக்காருங்க" என்றேன்.

அவள் அழவில்லை. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெருக்கல் குறியைக் காட்டி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டாள். முக்கியமான பக்கத்துக்கு அப்படி அடையாளம் போடுவது வழக்கம் என்றேன். ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கூடவே சொன்னாள். 'பொம்பளை' என்கிற இடத்தில் விரல் வரும்போது அவள் வாய் 'சுருளி' என்றது.

ஜீப்பின் ஹாரன் மேலே தெருவில் கேட்டது. நாலு மணி.

"அம்மா, அந்தத் தாளை எங்கிட்டக் குடுத்துருங்க" என்றேன். "புத்தகத்துல போட்டுத் தாரேன்."

"வேணாம்யா. இது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்."

"பத்திரமாத் திருப்பி அனுப்பிடறேனுங்க. ரிஜிஸ்தர்ல."

"இல்லைய்யா, கோவிச்சுக்காதீக" என்று தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் கையை நீட்டினது நீட்டினபடி நின்றேன். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஏசுரத்தினம், "ஸாரே, வண்டி போயிரும்" என்று என் முழங்கையைத் தொட்டார்.

மேடு ஏறும்போது அவளும் வழியனுப்பக் கூடவே வந்தாள். தாளை உலர்த்துவதற்காக இரண்டு நுனியிலும் பிடித்துக் காற்றில் காட்டிக்கொண்டே வந்தாள். தெருவில் யாராவது தமிழ் படிக்கத் தெரிந்தவர் எதிரே வந்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்தது. ஒருவரும் வரவில்லை. பங்களா பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நாற்காலி இருந்த பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜீப் கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "கண்ணாடி போட்டு மாட்டிருவேன்யா. கம்பத்துல அண்ணன் மக அஞ்சாங் கிளாஸ் படிக்கிறா. தெனமும் ஒரு தரம் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிருவேன்."

என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அஞ்சாம் கிளாஸ் பிள்ளை எழுத்துக்கூட்டாமலே படித்துவிடும்.